அப்பத்தா பூசிய பச்சிலை பாக்டீரியாவைக் கொன்றது. மருந்தா?

கேள்வி

எங்கள் கரிசல் காட்டு வரப்பில் ஒரு செடி படர்ந்து கிடக்கும். சொறி, சிரங்கு என்றால் அப்பத்தா அதன் இலையை அரைத்துப் பூசுவார். மைக்ரோபயாலஜி இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகள் அந்த இலையை மெத்தனால் என்ற கரைப்பானில் ஊறவைத்து வடிகட்டி, அந்தச் சாற்றை ஒரு சின்னக் காகித வட்டில் ஏற்றி, ஸ்டேஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா வளர்த்த தட்டில் வைத்துப் பார்த்தாள். சுற்றிலும் 14 மில்லிமீட்டர் வட்டம். உள்ளே ஒரு கிருமி இல்லை. அப்பத்தாவின் அறிவு நிரூபணம் ஆகிவிட்டது அல்லவா? களிம்பாகச் செய்து விற்க, பேடண்ட் வாங்க என்ன வழி?

9 ஜூன் 2023

வெறும் மெத்தனால் ஊற்றிய வட்டுக்கு எத்தனை மில்லிமீட்டர் வந்தது? அதைச் சொல்லாமல் 14-ஐ மட்டும் சொன்னால் எதுவும் சொல்ல முடியாது. அந்த 14-ல் காகித வட்டின் 6 மில்லிமீட்டரும் சேர்த்தியா என்றும் கேளுங்கள்.

ஏன் இப்படி எரிந்து விழுகிறேன் என்றால் நான் பட்டவன். 2002-ல் எம்.பில். படித்தேன். ஆயத்த வட்டுகள் வாங்கப் பணம் கிடையாது. வாட்மேன் வடிதாளை ஆபீஸ் பஞ்சிங் மெஷினில் ஓட்டை போட்டு, விழுகிற பொட்டுகளை பிரஷர் குக்கரில் வேகவைத்துப் பயன்படுத்துவோம். கொல்லிமலை அடிவாரத்தில் பறித்த ஒரு செடியின் சாற்றை வைத்தேன். மறுநாள் காலை தட்டைத் திறந்தால் பளிச்சென்று 13 மில்லிமீட்டர். ஹாஸ்டலில் ஆறு பேருக்குப் புரோட்டா வாங்கிக் கொடுத்தேன். வழிகாட்டி தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "வெறும் மெத்தனாலுக்கு எவ்வளவுப்பா?" என்றார். "தட்டில் இடம் இல்லை சார், வைக்கலை" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் வைத்தேன். 11. வட்டைச் சரியாகக் காயவைக்காததால் மெத்தனாலே பாதி வேலையைப் பார்த்திருக்கிறது. புரோட்டாக் காசு போனதுதான்.

மற்றபடி மேலுக்குப் பூசுவதுதானே, இத்தனை நாள் பூசியிருக்கிறீர்கள், பெரிய கெடுதல் வந்துவிடாது. விற்பதைப் பற்றி அப்புறம் பேசலாம்.

9 ஜூன், இரவு

இன்னொன்று. பினாயிலும் கிருமியைக் கொல்லும்.

11 ஜூன்

பினாயில் என்றதற்குக் கோபித்துக்கொண்டீர்கள். சரி, கணக்காகவே போடுகிறேன்.

தட்டில் கிருமியைத் தடுக்க ஒரு மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் சாறு தேவைப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். கல்லூரிப் புராஜெக்ட்டுகளில் சர்வசாதாரணமாக இந்த அளவுதான் இருக்கும். மனித உடம்பில் ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம். அதில் அதே அடர்த்தி வர 5 கிராம் சாறு வேண்டும். அதுவும் வயிற்றில் சிதையாமல், கல்லீரலில் உடையாமல், முழுதாக ரத்தத்தில் போய்ச் சேர்ந்தால். காய்ந்த இலையில் பத்தில் ஒரு பங்கு சாறு தேறும் என்றால் 50 கிராம் காய்ந்த இலை. பச்சையாகக் கால் கிலோவுக்கு மேல். ஒரே வேளைக்கு! ஆடுகூட அப்படித் தின்னாது.

அதனால்தான் இந்தத் துறையில் இருப்பவர்கள் சுத்திகரிக்காத சாறு 100 மைக்ரோகிராமுக்குக் கீழே வேலை செய்தால்தான் நிமிர்ந்து உட்காருவார்கள். 1 மில்லிகிராம் என்றால் அதில் பத்து மடங்கு. மேலுக்குப் பூசுவதற்கு இந்த ரத்தக் கணக்கு பொருந்தாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மகளிடம் வட்டில் எத்தனை மில்லிகிராம் வைத்தாள் என்று கேளுங்கள். "இரண்டு சொட்டு" என்றால் அது அளவு ஆகாது.

12 ஜூன்

"அப்படியானால் நாட்டு வைத்தியம் எல்லாம் பொய்யா?" என்று ஒருவர். நான் எங்கே அப்படிச் சொன்னேன்?

சீன விஞ்ஞானி தூ யூயூ கதையைப் பாருங்கள். வியட்நாம் போர்க் காலம். மலேரியாவுக்கு மருந்து தேடிப் பழைய ஏடுகளைப் புரட்டுகிறார்கள். சிங்ஹாவ் என்ற செடி பல இடங்களில் வருகிறது. காய்ச்சி எடுத்தால் ஒரு தடவை வேலை செய்கிறது, ஒரு தடவை செய்யவில்லை. 1,600 ஆண்டுக்கு முந்தைய கெ ஹோங் என்பவரின் குறிப்பில், ஒரு கைப்பிடி செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடி என்று இருக்கிறது. கொதிக்க வை என்று இல்லை. அந்த இடத்தில் தூ யூயூவுக்குப் பொறி தட்டியது. சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ? 35 டிகிரியிலேயே கொதித்துவிடும் ஈதரில் எடுத்துப் பார்த்தார். 1971 அக்டோபர் 4, 191-வது மாதிரி, எலிகளிடம் மலேரியாக் கிருமி முழுக்கக் காலி. பிறகு நோயாளிகளுக்குக் கொடுக்கும் முன் அவரும் கூட வேலை செய்தவர்களும் தாங்களே சாப்பிட்டுப் பார்த்தார்கள். 2015-ல் நோபல்.

பழைய ஏடு பொய் சொல்லவில்லை. ஆனால் அதை வாசிக்கிற விதம் வேண்டியிருந்தது. நாம் என்ன செய்கிறோம்? அப்பத்தா அரைத்துப் பூசியதை மெத்தனாலில் ஊறவைக்கிறோம், மெத்தனாலில் இறங்கியதைச் சோதித்துவிட்டு, "அப்பத்தா சொன்னது நிரூபணம்" என்கிறோம். தண்ணீரில் இறங்குவது ஒன்று, மெத்தனாலில் இறங்குவது இன்னொன்று. அப்பத்தா மெத்தனாலைக் கண்ணால் பார்த்திருக்கமாட்டார்.

12 ஜூன், சற்று நேரம் கழித்து

நித்தியகல்யாணியை விட்டுவிட்டேனே. சுடுகாட்டு மல்லி என்று நம் ஊரில் வீட்டுக்குள் வைக்கத் தயங்குவார்கள். ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்கு அதன் இலையில் தேநீர் போட்டுக் குடிப்பார்கள். அந்த இலை 1952-ல் கனடாவுக்கு வந்து சேர்ந்தது. வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் நோபிள் அதை எலிகளுக்குக் கொடுத்தார். சர்க்கரை இறங்கவே இல்லை. ஊசியாகப் போட்டபோது எலிகள் தொற்று வந்து செத்தன. நான் என்றால் அந்த இடத்திலேயே நோட்டை மூடியிருப்பேன். அவர் ஏன் செத்தன என்று கேட்டார். வெள்ளை அணுக்கள் சரிந்திருந்தன. வெள்ளை அணுவைக் குறைக்கும் என்றால் ரத்தப் புற்றுக்கு உதவுமே! சார்லஸ் பியரோடு சேர்ந்து பிரித்தெடுத்ததுதான் வின்பிளாஸ்டின். தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் மானாவாரி நிலத்தில் இந்தச் செடியை மருந்துக்காகவே பயிர் செய்கிறார்கள்.

சொல்லப்பட்ட நோய்க்கு வேலை செய்யவில்லை. சொல்லப்படாத நோய்க்கு மருந்து ஆனது. இதை நாட்டு வைத்தியத்தின் வெற்றிக் கணக்கில் எழுதுவதா, தோல்விக் கணக்கில் எழுதுவதா? எனக்கு இன்னும் முடிவாகவில்லை.

15 ஜூன்

எத்தனை சோதித்தால் எத்தனை தேறும் என்ற கேள்விக்கு: அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகம் 1960 முதல் 1982 வரை சுமார் 35,000 தாவர மாதிரிகளிலிருந்து 1,14,000 சாறுகளைச் சோதித்தது. டாக்ஸால் என்ற புற்றுநோய் மருந்து அப்படி வந்ததுதான். 1962-ல் வாஷிங்டன் மாநிலக் காட்டில் ஆர்தர் பார்க்லே பறித்த பசிபிக் யூ மர இலை. மன்றோ வாலும் மன்சுக் வாணியும் அதன் அமைப்பை 1971-ல் வெளியிட்டார்கள். மருந்தாக அனுமதி 1992-ல். பறித்ததிலிருந்து முப்பது வருஷம். இன்று தொடங்கினால் உங்கள் மகளுக்கு அப்போது ஐம்பது வயது. பேடண்டுக்கு அவசரம் இல்லை.

16 ஜூன்

திருத்தம். இலை என்று எழுதிவிட்டேன். டாக்ஸால் வந்தது மரத்தின் பட்டையிலிருந்து. சுட்டிக்காட்டியவருக்கு ஒரு புரோட்டா கடன்.

18 ஜூன்

மனிதரிடம் ஒரு தடவை வேலை செய்தாலே போதுமா என்று கேட்பவர்கள் கீழாநெல்லிக் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1988-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன் குழுவும், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் வாங்கிய புளும்பெர்க்கும் சேர்ந்து லான்செட் இதழில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். வைரஸைச் சுமப்பவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடி 200 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை, 30 நாள். 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் அடையாளப் புரதம் மறைந்தது. ஒப்பிட்டுப் பார்க்க, மருந்தில்லாத போலி மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒரே ஒருவருக்குத்தான். என் ஆசிரியர்கள் அந்தத் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள்.

அப்புறம் தாய்லாந்தில் செய்து பார்த்தார்கள். வரவில்லை. நியூசிலாந்தில் செய்தார்கள். வரவில்லை. செடி வேறு மண்ணில் வளர்ந்ததாலா, வைரஸின் வகை வேறா, நோயாளிகள் வேறா, முதல் முடிவே தற்செயலா என்று இன்றைக்கும் விவாதம் நடக்கிறது. இங்கே யாரும் ஏமாற்றவில்லை. போலி மாத்திரையோடு ஒப்பிட்டு முறையாகச் செய்த ஆய்வுக்கே இந்த கதி.

இதில் இன்னொரு சிக்கல், "கீழாநெல்லி" என்று கடையில் கட்டித் தருவது எப்போதும் கீழாநெல்லி அல்ல. தென்னிந்தியக் கடைச் சரக்கை மரபணு வைத்துப் பார்த்த ஒரு ஆய்வில், ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கில் அதே குடும்பத்து வேறு இனங்கள் கலந்திருந்தன. பறிக்கிறவருக்கு இலைக்கடியில் காய் வரிசையாகத் தொங்கினால் எல்லாம் கீழாநெல்லிதான்.

அட, இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். உங்கள் செடியின் பெயர் என்ன? பத்து நாளாக முகம் தெரியாத செடியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன். பூவோடு ஒரு படம் போடுங்கள்.

21 ஜூன்

படம் பார்த்தேன். தரையோடு படர்ந்த தண்டு, சாம்பல் பூத்த இதய வடிவ இலை, கரும் ஊதாவில் குழல் மாதிரிப் பூ, பூவின் அடியில் இலை போலவே ஒரு செதில், வெடித்த காய் தலைகீழாகத் தொங்கும் கூடை மாதிரி. ஆடுதின்னாப்பாளை. அரிஸ்டலோக்கியா பிராக்டியோலேட்டா.

முதல் நாள் "பெரிய கெடுதல் வந்துவிடாது" என்று எழுதினேனே, அந்த வரியை வாபஸ் வாங்குகிறேன். அழிக்கவில்லை, கிடக்கட்டும். செடி எது என்று கேட்காமல் சொன்னது என் தப்பு. படத்தோடு நீங்கள் எழுதிய வரி இன்னும் கலக்கியது: "வயிற்றுப் பூச்சிக்குப் பிள்ளைகளுக்கு உள்ளுக்கும் கொடுப்பார். இப்போதும் சித்தி கொடுக்கிறார்." தயவுசெய்து சித்தியிடம் இன்றே பேசுங்கள். சிரங்குப் புண்ணில் பூசுவதையும் நிறுத்துங்கள். உள்ளுக்குச் சாப்பிட்ட பிள்ளைகளை ஒரு மருத்துவரிடம் காட்டி, செடியின் பெயரைச் சொல்லி, சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை.

"ஆடுகூட அப்படித் தின்னாது" என்று 11-ஆம் தேதி நான் எழுதியதை இப்போது படித்தால் எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது.

21 ஜூன், இரவு 11 மணி

விளக்கம். இந்தக் குடும்பத்துச் செடிகளில் அரிஸ்டலோக்கிக் அமிலம் என்று ஒரு பொருள் இருக்கிறது. சிறுநீரகத்தைச் சுருக்கும். மரபணுவில் ஒட்டிக்கொண்டு, பல வருஷம் கழித்துச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் உண்டாக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இச்செடிகள் கலந்த மருந்துகளை 2002-லேயே, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் வகையில் வைத்துவிட்டது.

இது வெளியே தெரிந்தது பெல்ஜியத்தில். 1990-களின் தொடக்கத்தில், பிரஸ்ஸல்ஸில் உடம்பு இளைக்க வைக்கும் சிகிச்சைக்குப் போன இளம் பெண்கள் ஒவ்வொருவராகச் சிறுநீரகம் செயலிழந்து வந்தார்கள். நூற்றுக்கும் மேல். துருவிப் பார்த்தால், மாத்திரையில் சேர்க்க வேண்டிய சீன மூலிகையின் பெயர் ஃபாங்ஜி. வந்து சேர்ந்ததோ குவாங்-ஃபாங்ஜி. முன்னது ஸ்டெஃபானியா. பின்னது அரிஸ்டலோக்கியா. பெயரில் ஒரே ஒரு அசை கூடுதல், அவ்வளவுதான். கீழாநெல்லி மூட்டையில் வேறு செடி கலந்தால் மருந்து பலிக்காது. இங்கே கலந்ததற்கு டயாலிசிஸ்.

பால்கன் நாடுகளில் டான்யூப் கிளை நதிக்கரைக் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாக வந்த சிறுநீரக நோய்க்கும் இதே குடும்பத்துக் களைதான் காரணம் என்று பிற்பாடு தெரிந்தது. கோதுமை வயலில் முளைத்த களையின் விதை அறுவடையில் கலந்து, ரொட்டியில் போயிருக்கிறது. மருந்து என்று யாரும் சாப்பிடவே இல்லை.

23 ஜூன்

"எங்கள் ஊரில் நூறு வருஷமாகக் கொடுக்கிறோம், யாருக்கும் எதுவும் ஆகவில்லை" என்று ஒருவர் கொதித்திருக்கிறார். என்னைக் கைக்கூலி என்றும் சொல்லியிருக்கிறார். எந்தக் கம்பெனியிலிருந்தும் இன்னும் பணம் வரவில்லை.

ஒரு பிள்ளைக்கு இலைச்சாறு கொடுத்து மறுநாள் வாந்தி எடுத்தால் ஊரே அந்தச் செடியை ஒதுக்கிவிடும். அந்த அறிவை நான் மதிக்கிறேன். ஆனால் ஐந்து வயதில் குடித்தவருக்கு நாற்பது வயதில் சிறுநீரகம் கெட்டால், யார் அந்த இரண்டையும் முடிச்சுப் போடுவார்? தண்ணி சரியில்லை என்போம், சர்க்கரை என்போம். பால்கன் கிராமங்களிலும் அப்படித்தான் பல பத்தாண்டுகள் தண்ணீரைத்தான் சந்தேகப்பட்டார்கள்.

உங்கள் மகளின் தட்டும் இந்த விஷயத்தில் அப்பத்தாவைவிடக் கெட்டிக்காரத்தனம் காட்டவில்லை. 24 மணி நேரத்தில் கிருமி வளர்ந்ததா, இல்லையா என்பதோடு அதன் வேலை முடிந்தது. தட்டுக்குச் சிறுநீரகம் கிடையாது.

இதை எழுதிவிட்டு யோசித்தால், எனக்கும் இதில் பங்கு உண்டு. எம்.பில்.-ல் எத்தனையோ செடிகளைக் கிருமிக்கு எதிராக வைத்தேன். ஒன்றைக்கூட நல்ல செல்களுக்கு எதிராக வைத்துப் பார்க்கவில்லை. அதற்கு வசதி இல்லை என்பது உண்மை. வசதி இருந்திருந்தாலும் தோன்றியிருக்குமா என்பது சந்தேகம்.

27 ஜூன்

கொஞ்சம் இளைப்பாறலாம். ஆடுதின்னாப்பாளை என்ற பெயரே ஒரு நச்சுப் பரிசோதனை அறிக்கைதான். கண்டதையும் மேயும் ஆடு இதைத் தொடவில்லை என்று யாரோ ஒரு மேய்ப்பர் பார்த்து எழுதிவைத்த முடிவு.

அப்படியானால் ஆடு தொடாததெல்லாம் ஆகாதா என்றால், ஆடாதோடை இருக்கிறதே. ஆடு தொடாததால்தான் அந்தப் பெயர் என்பார்கள். நம் ஊர்ப் பெயரே லத்தீனுக்கும் போய் அடடோடா ஆனது. அந்த இலையில் உள்ள வாசிசின் என்ற பொருளை மாதிரியாக வைத்து வேதியியலாளர்கள் உருவாக்கியதுதான் சளி மருந்தில் இருக்கும் ப்ரோம்ஹெக்சின். ஆக, ஆடு "இதில் ஏதோ இருக்கிறது" என்று மட்டும் சொல்லும். நல்லதா கெட்டதா என்று சொல்லாது.

ஆடு தின்னாத பாளையைத் தின்கிறவையும் உண்டு. கறுப்பு இறக்கையும் சிவந்த உடலுமான ஒரு வண்ணத்துப்பூச்சியின் புழு இதே குடும்பத்துச் செடிகளில்தான் வளரும். நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் அதை விட்டுவிடும். மகளிடம் இலையைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.

2 ஜூலை

பேடண்ட் விஷயத்தை நீங்கள் மறந்தாலும் வேறு இருவர் விடவில்லை. சுருக்கமாக. பரம்பரையாகத் தெரிந்த பயன்பாட்டை அப்படியே எழுதிக் கொடுத்தால் இந்தியச் சட்டப்படி பேடண்ட் கிடையாது. காயத்துக்கு மஞ்சள் என்று மிசிசிப்பிப் பல்கலைக்கழகம் அமெரிக்காவில் 1995-ல் வாங்கிய உரிமையை, நம் அறிவியல் தொழில் ஆராய்ச்சி மன்றம் எதிர்த்து 1997-ல் ரத்து செய்ய வைத்தது. புதிதாக ஏதாவது செய்தாலும், நாட்டின் செடியை வைத்துச் செய்ததற்குப் பல்லுயிர்ச் சட்டம் 2002-ன்படி தேசியப் பல்லுயிர் ஆணையத்திடம் போக வேண்டும். அலுவலகம் சென்னையில்தான்.

சொன்னவருக்கும் பங்கு உண்டா என்பதுதான் நல்ல கேள்வி. அகத்தியமலையில் 1987-ல் ஆய்வாளர்களோடு போன காணிக்காரப் பழங்குடியினர் ஒரு காயைத் தின்றுகொண்டு களைப்பே தெரியாமல் நடந்தார்கள். ஆரோக்கியப்பச்சை. முதலில் செடியைக் காட்ட மறுத்தார்களாம், சரியாகத்தான் செய்தார்கள். அதிலிருந்து ஜீவனி என்ற மருந்து வந்தது. உரிமக் கட்டணம் 10 லட்ச ரூபாயிலும் விற்பனையில் வந்த 2 சதவீத ராயல்டியிலும் பாதி காணிகளின் அறக்கட்டளைக்கு. உலகம் முழுக்க இதை முன்மாதிரி என்று பேசினார்கள். பாதிதானா என்று கேட்டவர்களும் உண்டு. நான் இரண்டாவது கட்சி.

5 ஜூலை

ஆன்டிஆக்சிடன்ட் சோதனை செய்யலாமா என்று மகள் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். ஊதா நிறக் கரைசல் மஞ்சளாக மாறும், பார்க்க அழகாக இருக்கும். நான் ஒருமுறை கேன்டீன் டீயை வைத்துப் பார்த்தேன். என் ஆய்வுச் செடிகள் எல்லாவற்றையும் தோற்கடித்தது. வேண்டாம்.

28 அக்டோபர் 2023

மறுபடி செய்த முடிவுகள் வந்தன, நன்றி. வட்டுகளை முழுக்கக் காயவைத்திருக்கிறாள். வெறும் மெத்தனால் வட்டுக்கு ஒன்றும் இல்லை. ஒப்பிட வைத்த ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு 22. இலைச் சாற்றுக்கு, வட்டையும் சேர்த்து 10. மூன்று தட்டிலும் ஏறக்குறைய அதே அளவு. ஆக, கிருமியைத் தடுக்கிறது, பொய் இல்லை. அப்பத்தாவிடம் அதைச் சொல்லலாம், மிச்சத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அறிக்கையில் சிறுநீரகம் பற்றித் தனிப் பக்கம் எழுதியிருக்கிறாள், என் எம்.பில்.-ஐவிட நல்ல அறிக்கை. பிள்ளைகளின் பரிசோதனை சரியாக இருக்கிறது என்பதும், சித்தி நிறுத்திவிட்டார் என்பதும் நிம்மதி.

செடியை அழுத்திக் காயவைத்து உலர்தாவரத் தாளாக ஒட்டி, திருச்சி ராப்பினட் ஹெர்பேரியத்திலோ கோவையில் தாவர மதிப்பாய்வு நிறுவனத்திலோ காட்டிப் பெயரை உறுதிசெய்யச் சொல்லுங்கள். நான் சொன்னது படத்தைப் பார்த்துச் சொன்னதுதான். பூவும் காயும் சேர்ந்த கிளையாக எடுக்கட்டும். பறித்த தேதி, இடம், அப்பத்தா சொல்லும் பெயர் எல்லாம் ஓரத்தில் எழுத வேண்டும். அடுக்கிய செய்தித்தாளை தினமும் மாற்றச் சொல்லுங்கள். ஐப்பசி மழை, இரண்டே நாளில் பூஞ்சை பிடித்துவிடும்.